செங்காங்குக்குப் புதுசு: மீன், மளிகை, சனி ஞாயிறு – விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

செங்காங்_புதுவரவு:

வணக்கம். சிங்கப்பூரில் செங்காங் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வாடகை வீடு. நாங்கள் இருவர், 6 வயதுப் பையன் ஒருவன். எனக்கு எம்ப்ளாய்மென்ட் பாஸ் (வேலை அனுமதி), மனைவிக்கும் மகனுக்கும் டிபெண்டன்ட் பாஸ் (குடும்பத்தினருக்கான அனுமதி). அடுத்த மாதம் அம்மா வருகிறார். சுத்த சைவம், வெங்காயம், பூண்டு ஆகும், முட்டை ஆகாது.

இப்போது எல்லாமே வீட்டுக்குக் கீழே உள்ள பேரங்காடியில்தான். மீன் தட்டில் சுற்றி வைத்ததுதான் கிடைக்கிறது, கறிவேப்பிலை ஒரு ஈர்க்குக்குக் காசு. கேள்விகள் இவை: மீன், ஆட்டுக்கறி, நம்மூர்க் காய் எங்கே, எந்த நேரத்தில் வாங்குவது? வெளியே சாப்பிட்டால் மெனுவில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை வருவது ஏன்? பையனை அதிகச் செலவில்லாமல் எங்கே கூட்டிப்போவது? எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூர் பாரு போய் மொத்தமாக மளிகை வாங்கினால் மிச்சமாகுமா?

---

தேக்கா_கூடைக்காரி:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன், மற்றதை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

செங்காங்கிலிருந்து ஊதா ரயிலில் ஏறினால் மாறாமல் லிட்டில் இந்தியா. ‘சி’ வாசலில் வெளியே வந்தால் பஃபலோ ரோடு, எதிரே தேக்கா நிலையம். கீழ்த்தளத்தில் ஒரு பக்கம் ஈரச்சந்தை, இன்னொரு பக்கம் சாப்பாட்டுக் கடைகள். மேலே துணிக்கடை, தையல்கடை.

நேரம்தான் முக்கியம். காலை 7 முதல் 9 வரை. 10 மணிக்கு மேல் போனால் நல்ல மீன் போயிருக்கும், மதியம் 1 மணிக்கெல்லாம் கடையைக் கழுவத் தொடங்கிவிடுவார்கள். திங்கட்கிழமை போகவே வேண்டாம். பாதி மீன் கடை மூடியிருக்கும், திறந்த கடையில் இருப்பது ஞாயிற்றுக்கிழமைச் சரக்கு. ஞாயிறு காலை கூட்டம் அதிகம், ஞாயிறு மாலை தெருவில் நடக்கவே இடமிருக்காது. வெளிநாட்டு ஊழியர்களுக்கு அன்றுதான் விடுமுறை. வேலைக்குப் போகிறவர்களுக்குச் சனிக்கிழமை காலை ஏழரைதான் சரி.

மீன் பெயர்கள் மலாயிலோ சீனத்திலோ எழுதியிருக்கும். வஞ்சிரத்துக்கு ‘தெங்கிரி’ அல்லது ‘பாத்தாங்’ என்பார்கள். வவ்வால் ‘பாவால்’, கொடுவா ‘சியாக்காப்’, காலா ‘குராவ்’, கானாங்கெளுத்தி ‘கெம்போங்’, மத்தி ‘தம்பான்’, கணவாய் ‘சோத்தோங்’. நெத்திலி ‘பிலிஸ்’, அது பெரும்பாலும் கருவாடாகத்தான் கிடைக்கும். இதில் காலா விலை கூடியது. குழந்தைக்குக் கஞ்சியில் போட எல்லோரும் அதையே தேடுவதால் விலை இறங்குவதே இல்லை. குழம்புக்குக் கெம்போங்கே போதும். விலை குறைவு, ருசி குறைவில்லை.

செவுளைத் தூக்கிப் பாருங்கள், கடைக்காரர் தடுக்க மாட்டார். சிவப்பாக, வழவழப்பு தெளிவாக இருந்தால் வாங்கலாம். பழுப்பு ஏறியிருந்தால் வேண்டாம். முழு மீனாக நிறுத்த பிறகு ‘கறி கட்’ என்று சொன்னால் செதில் நீக்கி, குடல் எடுத்து, குறுக்குத் துண்டாகப் போட்டுத் தருவார். அதற்குத் தனிக் காசு இல்லை. தலை வேண்டுமானால் முன்கூட்டியே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எறிந்துவிடுவார். எடை வெட்டுவதற்கு முன்னால் போட்டது என்பதை மறக்காதீர்கள். வீட்டில் நிறுத்துப் பார்த்துவிட்டு ‘குறைகிறது’ என்று சொல்பவர்கள் உண்டு, குடலும் செதிலும்தான் அந்தக் குறைச்சல்.

அடுத்தது எடை. பலகையில் போட்ட விலை கிலோவுக்கா, 100 கிராமுக்கா, ‘கட்டி’க்கா என்று கேட்டே ஆக வேண்டும். ஒரு கட்டி சுமார் 605 கிராம். பழைய கடைக்காரர்கள் இன்னும் அதில்தான் பேசுவார்கள். கட்டி விலையை 1.65ஆல் பெருக்கினால் கிலோ விலை. கட்டி 10 வெள்ளி (டாலர்) என்றால் கிலோ 16 வெள்ளி 50 காசு. பேரங்காடியில் இறால் தட்டின்மேல் ‘2.20’ என்று பெரிதாக எழுதி, கீழே பொடி எழுத்தில் ‘100 கிராம்’ என்று இருப்பதும் இதே கதைதான்.

ஆட்டுக்கறிக் கடையில் வெறுமனே ‘மட்டன்’ என்று கேட்காதீர்கள். இந்த ஊரில் அந்தச் சொல் செம்மறியையும் குறிக்கும். ‘வெள்ளாடா, செம்மறியா’ என்று தமிழிலேயே கேளுங்கள், பெரும்பாலும் தமிழ் தெரிந்தவர்தான் நிற்பார். செம்மறிக் கொழுப்பின் வாடை பழகாதவர்களுக்கு ஒத்துவராது. அதையே வாங்கினால் கொழுப்பைத் தனியே சீவித் தரச் சொல்லுங்கள்.

தவறவிடக் கூடாத ஒரு கடை உண்டு: அரைத்த மசாலாக் கடை. அகலமான தட்டுகளில் மிளகாய் விழுது, மஞ்சள், மல்லி, சீரகம், சோம்பு, வெங்காயம், இஞ்சி பூண்டு எல்லாம் ஈரமாக அரைத்துக் குவித்து வைத்திருப்பார்கள். ‘மீன் குழம்பு, ஒரு கிலோ மீன், காரம் கம்மி’ என்று சொன்னால் போதும். ஒவ்வொரு தட்டிலிருந்தும் கரண்டியால் வழித்து ஒரே பையில் போட்டுக் கட்டிக் கொடுத்துவிடுவார். புளி, தேங்காய்ப்பால், உப்பு உங்கள் வேலை. அன்றே சமைக்காவிட்டால் உறைபெட்டியில் வையுங்கள். வெங்காயம் இருப்பதால் சும்மா குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டாம் நாளே புளிப்பு ஏறும்.

தேங்காய்த் துருவலும் அப்படித்தான். தோலோடு வேண்டுமா, தோல் சீவி வெள்ளையாக வேண்டுமா என்று கேட்பார்கள். சட்னிக்கு வெள்ளை, குழம்புக்குத் தோலோடு போதும். அதைக் கடைசியாக வாங்குங்கள். இந்த வெயிலில் துருவலைத் தூக்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் சுற்றினால் வீட்டுக்கு வரும்போது வாடை மாறியிருக்கும்.

காய்க்கு உள்ளே போவதைவிட பஃபலோ ரோட்டுக் கடைகள் மேல். முருங்கைக்காய், முருங்கைக்கீரை, வாழைப்பூ, சின்ன வெங்காயம், சேனை எல்லாம் உண்டு. பேரம் பேசும் வழக்கம் அதிகமில்லை, ஆனால் நாலைந்து காய் சேர்த்து வாங்கினால் கறிவேப்பிலை ஒரு கொத்து சும்மா வரும். எல்லாக் கடையிலும் கார்டு எடுக்க மாட்டார்கள். ரொக்கமோ, கைப்பேசியில் பணம் அனுப்பும் ‘பேநவ்’வோ தயாராக இருக்கட்டும்.

---

முஸ்தபா_மாடிப்படி:

மேலே சொன்னதோடு ஒன்று. அரிசி, பருப்பு, எண்ணெய் மாதிரிக் கனமான சாமானை தேக்காவிலிருந்து தூக்காதீர்கள். அதே ஊதா ரயிலில் ஒரு நிறுத்தம் முன்னாலேயே ஃபேரர் பார்க்கில் இறங்கினால் சையத் ஆல்வி ரோட்டில் முஸ்தபா பேரங்காடி. மளிகை இரண்டாம் மாடியில். பின்னிரவு வரை திறந்திருப்பதால் வார நாளில் இரவு 10 மணிக்கு மேல் போனால் நிம்மதி. சனி ஞாயிறு மாலையில் தள்ளுவண்டியைத் திருப்பவே முடியாது.

உள்ளே போகும்போது காவலர் உங்கள் கைப்பையைப் பிளாஸ்டிக் பட்டையால் கட்டிவிடுவார். பணப்பை, கைப்பேசி, குழந்தையின் தண்ணீர்ப் போத்தல் இவற்றை முதலிலேயே வெளியே எடுத்துக்கொள்ளுங்கள். பில் போட நிற்கும்போது நினைவு வந்து பிரயோசனமில்லை.

பெரிய பேரங்காடிகளில் 2023 ஜூலை 3 முதல் ஒரு பிளாஸ்டிக் பைக்குக் குறைந்தது 5 காசு. பெரிய தொகையில்லை, ஆனாலும் மடித்து வைக்கிற பை இரண்டு கைப்பையில் கிடக்கட்டும்.

ஊரிலிருந்து மிக்ஸி கொண்டுவந்திருந்தால் மின்னழுத்தம் பிரச்சினையில்லை. இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். செருகிதான் வேறு, மூன்று சதுர முள். பயணிகள் வாங்கும் மலிவு அடாப்டரில் மிக்ஸியையும் கிரைண்டரையும் ஓட்டாதீர்கள். பிடிப்பு தளர்ந்து சூடாகி உருகும். வன்பொருள் கடையில் 13 ஆம்பியர் செருகி வாங்கி மாற்றச் சொல்லுங்கள். ‘சேஃப்டி மார்க்’ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். செருகிக்குள்ளேயே ஃபியூஸ் இருக்கும். 750 வாட் மிக்ஸிக்கு 3 ஆம்பியர் ஃபியூஸ் பத்தாது, சட்னி பாதி அரைபடும்போதே போய்விடும்.

---

கோப்பி_ஓ_கோசோங்:

பில் விஷயம். மெனுவில் விலைக்குப் பக்கத்தில் ‘++’ என்று இருந்தால் முதலில் 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அதையும் சேர்த்த தொகைமேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி. 20 வெள்ளி தோசைத் தட்டு 22 ஆகி, பிறகு 23.98 ஆகும். ஜிஎஸ்டி 9 ஆனது 2024 ஜனவரி 1 முதல். உணவங்காடி நிலையத்திலும் காப்பிக்கடையிலும் பலகையில் போட்டிருப்பதுதான் விலை. மேசையில் தாமாகக் கொண்டுவந்து வைக்கும் ஈரத்துண்டுக்கும் வேர்க்கடலைக்கும் சில சீன உணவகங்களில் காசு உண்டு. வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தால் பில்லிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

உணவங்காடியில் இடம் பிடிக்க மேசைமேல் டிஷ்யூ பொட்டலம் வைப்பது வழக்கம், அதற்கு ‘சோப்’ என்று பெயர். யாரோ மறந்துவிட்டுப் போனார்கள் என்று எடுத்துவிடாதீர்கள். சாப்பிட்டு முடித்ததும் தட்டைத் திருப்பி வைப்பது கட்டாயம், 2021 செப்டம்பரிலிருந்து அமலில் இருக்கிறது. முதல் முறை எச்சரிக்கை, அடுத்த முறை அபராதம். ஹலால் தட்டுக்கும் மற்றத் தட்டுக்கும் தனித்தனி அடுக்கு. நிறம் பார்த்து வையுங்கள்.

பானம் கேட்கும் இலக்கணம் இது. ‘கோப்பி’ என்றால் கெட்டிப்பால். ‘கோப்பி-ஓ’ என்றால் பாலில்லை, சர்க்கரை உண்டு. ‘கோப்பி-சி’ என்றால் ஆவியாக்கிய பால், சர்க்கரை. ‘கோசோங்’ சேர்த்தால் சர்க்கரை கிடையாது, ‘சியூ டாய்’ என்றால் இனிப்புக் குறைவு, ‘காவ்’ திடம், ‘போ’ நீர்ப்பு, ‘பெங்’ ஐஸ். எல்லாவற்றையும் அடுக்கலாம்: ‘தே சி சியூ டாய் பெங்’. நம்மூர்ச் சாயாவுக்குக் கிட்டத்தில் வருவது இந்திய முஸ்லிம் கடையின் ‘தே ஹாலியா’, இஞ்சி போட்டது.

அம்மாவுக்கு: பொருளாதாரச் சோற்றுக் கடையில், அதாவது காய்கறித் தட்டுகளைக் காட்டிக் காட்டி வாங்கும் கடையில், கீரை பச்சைப் பசேலென்று இருக்கும். அதை நம்பாதீர்கள். சிப்பிச் சாறோ நெத்திலித் தண்ணீரோ பன்றிக் கொழுப்போ இல்லாமல் அந்தக் கீரை வருவது அபூர்வம். சீனச் சைவக் கடை தனியாக இருக்கும். அங்கே வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள். ஆனால் கோதுமையிலும் சோயாவிலும் செய்த ‘வாத்து’, ‘பன்றி’, ‘மீன்’ எல்லாம் அசலைப் போலவே தோலும் செதிலுமாக அடுக்கியிருக்கும். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் எழுந்து போய்விடுவார். முட்டை சேர்க்கிற சைவக் கடையும் உண்டு, கேட்டுக்கொள்ள வேண்டும். அங்கே காலையில் கிடைக்கும் சைவ மீஹூன் (அரிசிச் சேமியா) விலையும் மலிவு.

பரோட்டாக் கடையில் ‘பிராட்டா கோசோங்’ என்றால் உள்ளே எதுவும் வைக்காத வெறும் பரோட்டா. கூட வரும் குழம்பு மீனோ ஆடோதான். பருப்பு கேட்டாலும் ‘டால்ச்சா’ வந்துவிட்டால் அதில் ஆட்டெலும்பு இருக்கும். பேசாமல் லிட்டில் இந்தியாவில் ஆனந்த பவனுக்கோ கோமள விலாஸுக்கோ கூட்டிப்போங்கள். முன்னது 1924இலும் பின்னது 1947இலும் தொடங்கியவை, பழகிய ருசி.

---

காலாற_நடப்போம்:

பையனுக்கு 6 வயது என்றால் முதலில் பூமலை, அதாவது பொட்டானிக் கார்டன்ஸ் தாவரத் தோட்டம். தேக்காவில் சாமான் வாங்காத ஒரு சனிக்கிழமை, லிட்டில் இந்தியாவில் நீல நிற டவுன்டவுன் ரயிலுக்கு மாறி மூன்றாவது நிறுத்தம் பொட்டானிக் கார்டன்ஸ். தோட்டம் காலை 5 முதல் நள்ளிரவு வரை, நுழைவு இலவசம். ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் கட்டணம். இங்கே வசிப்பவர்களுக்குச் சலுகை விலை, பாஸ் அட்டையைக் காட்ட வேண்டும். ரயில் வாசல் பக்கமே ஜேக்கப் பாலஸ் சிறுவர் தோட்டம். 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கானது. குழந்தை இல்லாமல் பெரியவர் மட்டும் போனால் உள்ளே விடமாட்டார்கள் என்பது ஒரு வேடிக்கை. தண்ணீர் விளையாட்டு உண்டு. மாற்று உடை, துண்டு கொண்டுபோங்கள். திங்கட்கிழமை மூடல்.

இந்த ஊரில் ஏறக்குறைய ஆண்டு முழுவதும் காலை 7 மணி வாக்கில்தான் விடியும், மாலை 7 மணி வாக்கில் இருட்டும். ஆகையால் 7.30க்கு வீட்டை விட்டுக் கிளம்பி 10.30க்குள் வெளிவேலையை முடித்துவிடுங்கள். மதியத்துக்குமேல் இடி மின்னல் வந்தால் நீச்சல் குளத்திலிருந்து எல்லோரையும் மேலே ஏற்றிவிடுவார்கள், பூங்காவில் ஒதுங்க இடமும் இருக்காது.

கரையோரப் பூந்தோட்டத்தில் (‘கார்டன்ஸ் பை த பே’) வெளித்தோட்டம் இலவசம். கண்ணாடிக் கூடாரங்களுக்கு மட்டும் சீட்டு. பெருமரங்கள் எனப்படும் செயற்கை மரங்களின் ஒளி இசைக் காட்சி தினமும் இரவு 7.45க்கும் 8.45க்கும், 15 நிமிடம், காசில்லை. 7.45க்குப் போகிறவர்கள் நடுவில் நின்று கழுத்து வலிக்கப் பார்ப்பார்கள், 7.15க்கே போய் மரத்தடியில் விரிப்பு போட்டு மல்லாந்து படுப்பதுதான் சரியான முறை.

உங்கள் வீட்டுப் பக்கமே நல்ல இடம் இருக்கிறது. பொங்கோல் நீர்வழி 4.2 கிலோமீட்டர், இருபுறமும் சைக்கிள் பாதை. அதைத் தாண்டிக் கோனி தீவு, காலை 7 முதல் மாலை 7 வரை. உள்ளே விளக்கு இல்லை, குடிநீர்க் குழாய் இல்லை. மணல் ஈ கடிக்கும், நீளக் கால்சட்டை போடுங்கள். பகிர்வு சைக்கிள் எடுத்தால் முடித்ததும் மஞ்சள் கோட்டுக்குள் நிறுத்தி, அங்கே ஒட்டியிருக்கும் கியூஆர் குறியை ஸ்கேன் செய்ய வேண்டும். பூட்டினால் போதும் என்று நினைத்துப் போனால் 5 வெள்ளி பிடிப்பார்கள். நடைபாதையில் சைக்கிளுக்கு வேக வரம்பு மணிக்கு 10 கிலோமீட்டர்.

நீச்சலுக்கு ஆங்கர்வேல் பக்கம் செங்காங் விளையாட்டு நிலையம், கட்டணம் ஒன்றிரண்டு வெள்ளிக்கணக்கில்தான். பருத்திச் சட்டை, பை வைத்த அரைக்கால்சட்டை இரண்டுக்கும் அனுமதி இல்லை, நீச்சலுடை வேண்டும். வாரத்தில் ஒரு நாள் பராமரிப்புக்கு மூடுவார்கள், அது நிலையத்துக்கு நிலையம் மாறும்.

புலாவ் உபின் தீவுக்கு ஒரு நாள் வையுங்கள். தானா மேராவிலிருந்து 2ஆம் எண் பேருந்தில் சாங்கி வில்லேஜ், அங்கிருந்து படகு. ஆளுக்கு 4 வெள்ளி, 12 பேர் சேர்ந்ததும் கிளம்பும். நேர அட்டவணை கிடையாது. காலை 9 மணிக்கு ஐந்து நிமிடத்தில் 12 பேர் சேர்ந்துவிடுவார்கள், வார நாள் மதியம் என்றால் காத்திருக்க வேண்டும், இல்லை காலி இடத்துக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். வாடகை சைக்கிள் எடுக்கும்போது பிரேக்கை இரண்டு கையாலும் அழுத்திப் பாருங்கள். அங்கே இறக்கங்கள் சரளை. தீவின் செக் ஜாவா சதுப்பு நிலத்தில் கடல் வற்றினால்தான் உயிரினங்கள் தெரியும். நீர்மட்டம் 0.5 மீட்டருக்குக் கீழே வரும் நாளையும் நேரத்தையும் அட்டவணையில் பார்த்துப் போங்கள். குரங்குகளுக்கும் காட்டுப்பன்றிகளுக்கும் பிளாஸ்டிக் பைச் சத்தமே சாப்பாட்டு மணி. தின்பண்டத்தை முதுகுப்பைக்குள் வையுங்கள்.

மழைநாளுக்கு நூலகம். செங்காங் நூலகம் கம்பஸ் ஒன் கடைத்தொகுதியில், பக்கத்து பொங்கோலில் 2023இல் திறந்த ஐந்து மாடி வட்டார நூலகம். உள்ளே உட்கார்ந்து படிக்க யாருக்கும் காசில்லை. வீட்டுக்கு எடுத்துப்போக வெளிநாட்டவருக்கு ஆண்டுச் சந்தா உண்டு. ஒரு நூலகத்தில் எடுத்த புத்தகத்தை எந்த நூலகத்திலும் திருப்பலாம். பெரியவர்களுக்கான தமிழ்ப் புத்தகம் நிறைய வேண்டுமென்றால் விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகம். கேம்பல் லேனில் இருக்கும் இந்திய மரபுடைமை நிலையம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான் இலவசம். உங்களுக்குச் சீட்டு எடுக்க வேண்டும்.

---

வெள்ளித்திரை_4ஆம்_வரிசை:

தமிழ்ப் படத்துக்குப் பையனைக் கூட்டிப்போகும் முன் இங்குள்ள தரச்சான்றைப் பாருங்கள், ஊர்ச் சான்றிதழை அல்ல. ‘பிஜி13’ என்றால் பெற்றோர் பார்த்து முடிவெடுக்கலாம். ‘என்சி16’ என்றால் 16 வயதுக்குக் கீழே யாரையும் விடமாட்டார்கள், அப்பா அம்மா கூட இருந்தாலும் சரி. ஊரில் குடும்பத்தோடு பார்க்கும் அடிதடிப் படம் இங்கே அந்த வகையில் வந்துவிடும். சீட்டை இணையத்தில் எடுத்துவிட்டு வாசலில் நின்று வாதாடினால் பணம் திரும்பாது.

இலவசக் கச்சேரிக்கு எஸ்பிளனேட் கலை அரங்கம். நவம்பர் வாக்கில் கலா உற்சவம் நடக்கும்போது கூடத்தில் நம் இசையும் நடனமும் காசில்லாமல் பார்க்கலாம். சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில், அதாவது ஆகஸ்ட்–செப்டம்பர் வாக்கில், அடுக்குமாடி புளோக்குகளுக்கு நடுவே மேடை போட்டு ‘கெத்தாய்’ பாட்டுக் கச்சேரி நடக்கும். யாரும் உட்காரலாம், ஆனால் முதல் வரிசை காலியாக இருந்தாலும் அதில் உட்காராதீர்கள். அது கண்ணுக்குத் தெரியாத விருந்தாளிகளுக்கு, அதாவது ஆவிகளுக்கு ஒதுக்கியது.

---

உட்லண்ட்ஸ்_பக்கம்:

ஜோகூர் கேள்விக்கு நேரடிப் பதில்: உங்களுக்கு மிச்சமாவது பலர் சொல்லும் அளவுக்கு இல்லை.

ஊருக்கே தெரிந்த கணக்கு, 48 மணி நேரத்துக்கும் குறைவாக வெளியே இருந்தால் 100 வெள்ளிவரை, அதற்குமேல் இருந்தால் 500 வெள்ளிவரை ஜிஎஸ்டி விலக்கு என்பது. ஆனால் எம்ப்ளாய்மென்ட் பாஸ், வொர்க் பெர்மிட், மாணவர் பாஸ், டிபெண்டன்ட் பாஸ், நீண்டகால வருகைப் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு அந்த விலக்கே கிடையாது. உங்கள் மூவருக்குமே பூஜ்யம். 80 வெள்ளிச் சாமானுக்கு 7 வெள்ளி 20 காசு வரி. சுங்கத் துறையின் செயலியில் முன்கூட்டியே அறிவித்துக் கட்டிவிடலாம், இல்லாவிட்டால் சிவப்புத் தடத்தில் போக வேண்டும். பச்சைத் தடத்தில் போய்ச் சோதனையில் பிடிபட்டால்தான் தொந்தரவு.

மலேசியாவிலிருந்து வரும்போது மதுவுக்கு வரிவிலக்கு யாருக்குமே இல்லை, சிகரெட்டுக்கும் இல்லை. சூயிங்கம், மின்சிகரெட் இரண்டும் கொண்டுவரவே கூடாது. பச்சை இறைச்சி வேண்டாம். எந்த நாட்டு இறைச்சி, எவ்வளவு என்று தனிக் கட்டுப்பாடு இருக்கிறது. போகும்போது மலேசிய மின்வருகை அட்டையை மூன்று நாளுக்குள் நிரப்பியிருக்க வேண்டும்.

பேருந்தில் போனால் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் எல்லோரும் இறங்கி, பை ஒன்றுவிடாமல் எடுத்துக்கொண்டு போக வேண்டும். உங்களை இறக்கிய பேருந்து காத்திருக்காது. மறுபக்கம் அதே எண்ணில் அடுத்த பேருந்து ஏற வேண்டும். இருக்கையில் வைத்துவிட்டு வந்த குடை அத்தோடு போச்சு. வெள்ளிக்கிழமை மாலை போகவும் ஞாயிறு மாலை திரும்பவும் கிளம்பினால் பாதி நாள் வரிசையில்தான்.

முடி வெட்ட, பல் பார்க்க, சாப்பிட, பையனை விளையாட விட என்றால் போகலாம். அந்தச் செலவுக்கு இங்கே வரி கேட்க மாட்டார்கள். அரிசி பருப்புக்காக மட்டும் என்றால் முஸ்தபாவே போதும்.

---

செங்காங்_புதுவரவு:

எல்லோருக்கும் நன்றி. டிபெண்டன்ட் பாஸுக்கும் விலக்கில்லை என்பது தெரியவே தெரியாது. இன்னும் இரண்டு: தேக்கா ஒவ்வொரு வாரமும் முடியாது, செங்காங்குக்குப் பக்கத்தில் ஈரச்சந்தை உண்டா? பழைய சாப்பாட்டு மேசை ஒன்று இணையத்தில் பார்த்திருக்கிறோம், 50 வெள்ளி முன்பணம் கேட்கிறார்.

---

தேக்கா_கூடைக்காரி:

ஃபெர்ன்வேல் உணவங்காடியோடு சேர்ந்த சந்தை இருக்கிறது, 2022இல் திறந்தது. இன்னும் பழைய பாணிச் சந்தை வேண்டுமானால் ஊதா ரயிலில் கோவன், 209ஆம் புளோக். நம்மூர்க் காய் குறைவு, மீனும் கீரையும் நன்றாக இருக்கும்.

சீனப் புத்தாண்டை மட்டும் நாள்காட்டியில் குறித்து வையுங்கள். அதற்கு முந்தைய வாரம் மீன், இறால் விலை ஏறும், பிறகு சந்தை பல நாள் மூடியிருக்கும், முதல் நாள் பேரங்காடிகூட அனேகமாக மூடல். உணவங்காடிகளும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்ய மூடும். எது எப்போது என்று தேசியச் சுற்றுப்புற வாரியத் தளத்தில் போட்டிருப்பார்கள்.

---

முஸ்தபா_மாடிப்படி:

முன்பணம் கொடுக்காதீர்கள், அண்ணே. நேரில் போய், மேசையைக் கவிழ்த்துக் கால் திருகாணிகளை ஆட்டிப் பார்த்து, பிறகு அங்கேயே பேநவ். ‘வேறு இருவர் கேட்கிறார்கள், இப்போதே அனுப்பினால்தான் எடுத்து வைப்பேன்’ என்றால் மேசையே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் வாங்கிய பொருள் என்றால் பாதுகாப்பு உண்டு. வாங்கிய 6 மாதத்துக்குள் பழுது வெளிப்பட்டால், அது முதலிலேயே இருந்த பழுதுதான் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பொறுப்பு. பழுதுபார்க்கவோ மாற்றித் தரவோ கேட்கலாம். 2012 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது, கடையில் வாங்கிய பழைய பொருளுக்கும் பொருந்தும். தனி ஆளிடம் வாங்கியதற்குப் பொருந்தாது. அதனால் ரசீதைப் படமெடுத்து வையுங்கள். இந்த வெக்கையில் அச்சடித்த எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும்.

மேசையைக் கொண்டுவர வேன் பேசும்போது உங்கள் புளோக்கின் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்குமா என்று கேட்பார்கள். படியேற்ற வேண்டியிருந்தால் கூலி தனி. மேசையின் நீளத்தையும் மின்தூக்கியின் உயரத்தையும் முதலில் அளந்துவிடுங்கள்.